கார் பாடியில் ஸ்டட் ஒடிந்தால்: வெல்டிங்குக்கு ஓடும் முன் பார்க்க வேண்டியவை

சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் கவரைக் கழற்றப் பத்து நம்பர் ஸ்பேனரைப் போடுகிறீர்கள். நட்டு அசையவே மாட்டேன் என்கிறது. கொஞ்சம் பலமாக இழுத்ததும் சட்டென்று லேசாகிச் சுற்றுகிறது, அப்பாடா கழன்றது என்று கையில் எடுத்துப் பார்த்தால் நட்டுக்குள்ளேயே ஸ்டட்டின், அதாவது நட்டு ஏறும் மரைக்கம்பியின், பாதி உட்கார்ந்திருக்கிறது, மீதி பாடியில். ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் வரை, தெற்கே கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம், வடக்கே தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் பழைய கார் வைத்திருக்கிற யாருக்கும் இது புதுசு இல்லை. சரி செய்வது பெரிய வித்தையும் இல்லை. ஆனால் முதல் தடவை கை வைக்கிறவர்கள் அவசரத்தில் ஒரு விரல்கடை ஸ்டட்டுக்காகத் தகட்டையே கிழித்துவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று புரிந்துவிட வேண்டும். பாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இந்த ஸ்டட் மரையில் திருகி இறக்கியது இல்லை. தலையில்லாத ஒரு போல்ட்டுத் துண்டைத் தொழிற்சாலையில் தகட்டின் மேல் நிறுத்தி, கரண்ட் கொடுத்து அடியை உருக்கி, கண் இமைக்கும் நேரத்தில் ஒட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் 5 அல்லது 6 எம்எம், சில இடங்களில் 8 எம்எம் கனம். அது நிற்கிற தகடு பல இடங்களில் ஒரு எம்எம் கூட இருக்காது. என்ஜினில் ஒடியும் ஸ்டட் வேறு ரகம், அது உள்ளே மரையில் இறங்கியிருக்கும், ஒடிந்த துண்டைக் கவ்வும் எக்ஸ்ட்ராக்டர் போட்டுத் திருப்பி வெளியே எடுக்கலாம். யூடியூபில் நீங்கள் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் அந்த ரகம்தான். அதைப் பார்த்துவிட்டுப் பாடி ஸ்டட்டை வைஸ் கிரிப்பில் கவ்வித் திருப்பினால், கழன்று வருவதற்கு அங்கே மரையே இல்லை, தகடுதான் முறுக்கிக்கொண்டு கிழியும்.

நம் பக்கத்தில் இது ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒடிகிறது என்பதற்குக் காரணம் சொல்லவே வேண்டாம், உப்பு. ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறு பக்கம் மன்னார் வளைகுடா, எந்தக் காற்று அடித்தாலும் அது கடலைத் தொட்டுத்தான் வரும். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும், நம் ராத்திரிகளில் அது சர்வசாதாரணம், ஆகவே மழையே பெய்யாவிட்டாலும் நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவில் ராத்திரி முழுக்க ஈரம்தான். துரு இரும்பை விட அதிக இடம் பிடிக்கும் பொருள், மரைக்குள் இடமில்லாமல் இறுகி நட்டைப் பூட்டிவிடும். முகுந்தராயர் சத்திரம் தாண்டி தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை அடிக்கடி சவாரி போகிற வண்டிகளில் சாலையில் வந்து விழும் மணலும் சேர்ந்துகொள்கிறது. அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டு ஈரத் துணியோடு ஏறி உட்காருகிறவர்களை ஏற்றும் டாக்ஸிகளில் தரை விரிப்புக்கு (மேட்) அடியிலும் இதே கதை, அங்கே இருக்கிற, எர்த்து ஒயர் மாட்டிய ஸ்டட்தான் முதலில் போகும். டிக்கியில் மீன் பெட்டி ஏற்றுகிறவர்கள் ஸ்டெப்னி பள்ளத்தை ஒருமுறை திறந்து பார்த்தால் போதும், நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் ஒடியாததைக் காப்பாற்றுவது

ஒரு கவரில் ஐந்து ஸ்டட் இருந்து ஒன்று ஒடிந்தால், மீதி நாலும் அதே வயது, அதே உப்பு. ஒடிந்ததைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அந்த நாலையும் கவனியுங்கள்.

ஸ்பேனர் போடுவதற்கு முன்பே, நட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் மரையை ஒயர் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. நட்டு கழன்று வரும்போது அந்த அழுக்கு மரையின் மேல்தான் ஏறி வர வேண்டும், வழியில் மாட்டினால் ஸ்டட் முறுகும். அப்புறம் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, முடிந்தால் ஒரு ராத்திரி விட்டு, காலையில் இன்னொரு தடவை அடியுங்கள். அடித்த கையோடு திருப்பினால் அது வெறும் வாசனைதான். திருப்பும்போது முதலில் கால் சுற்று கூட வேண்டாம், ஒரு நூலளவு இறுக்கும் பக்கம் தள்ளுங்கள், பிறகு கழற்றும் பக்கம். கொஞ்சம் வந்ததும் திரும்ப உள்ளே, திரும்ப வெளியே, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிகமாக. கையில் கரகரவென்று தெரிந்தால் பரவாயில்லை, துரு உடைகிறது. ரப்பரை முறுக்குவது போல நட்டும் ஸ்டட்டும் சேர்ந்து வளைந்து கொடுப்பதாகக் கைக்குப் பட்டால் அங்கேயே நிறுத்துங்கள், அடுத்த இழுப்பில் ஒடியும். இம்பாக்ட் ரெஞ்ச் வைத்திருக்கிறவர்கள் அதை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம், அது கைக்கு எந்தச் செய்தியும் சொல்லாது.

அந்த நிலைக்கு வந்துவிட்டால் நட்டைப் பலி கொடுத்து ஸ்டட்டைக் காப்பாற்றலாம். நட் ஸ்பிளிட்டர் என்று ஒரு சின்னக் கருவி கிடைக்கிறது, நட்டின் பக்கவாட்டில் உளி மாதிரி இறங்கி அதைப் பிளந்துவிடும். அது இல்லையென்றால் சின்ன கிரைண்டரிலோ ஹேக்ஸா பிளேடிலோ நட்டின் ஒரு பக்கத்தை மரை வரை வராமல் அறுத்து, உளி வைத்துத் தட்டி விரிக்கலாம். நட்டு ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் சமாச்சாரம். நெருப்பு காட்டிச் சூடாக்குவது என்ஜின் வேலைக்கு நல்ல வழி, பாடியில் வேண்டாம், தகட்டுக்குப் பின்னால் அண்டர்கோட் (அடித்தகட்டில் பூசும் பூச்சு), பஞ்சு, ஒயர், பெட்ரோல் பைப் என்று எது இருக்கிறது என்று தெரியாது.

ஒடிந்தது எதைத் தாங்கியது?

இதுதான் முக்கியமான கேள்வி, எந்த வழியில் சரி செய்யலாம் என்பதை இதுதான் முடிவு செய்யும். சக்கர உள்கவர், என்ஜினுக்கு அடியில் வரும் பிளாஸ்டிக் தட்டு, ஒயர் கிளிப், வைப்பர் தண்ணீர் டேங்க், சைலன்சருக்கு மேலே வரும் வெப்பத் தடுப்புத் தகடு, இவையெல்லாம் நீங்களே செய்யக்கூடியவை. பேட்டரி தட்டு கொஞ்சம் கனம், யோசித்துச் செய்ய வேண்டும். பிரேக் பைப்பையும் பெட்ரோல் பைப்பையும் பிடித்திருக்கும் கிளிப் ஸ்டட் சின்னதுதான், ஆனால் அது இல்லாமல் பைப் ஆடி ஆடித் தேயும், அதனால் அதைத் தற்காலிகமாகக் கூடச் சும்மா விடாதீர்கள்.

சீட் பெல்ட், சீட், ஏர்பேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், பெட்ரோல் டேங்கைத் தாங்கும் பட்டை, இவை சம்பந்தப்பட்ட எதிலும் இந்தக் கட்டுரையில் இருக்கும் வழிகளைப் பயன்படுத்த வேண்டாம். கதவுக்கு நடுவில் வரும் தூண்களிலும் ஓட்டை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது, பல கார்களில் அது சூட்டில் கடினப்படுத்திய ஸ்டீல், சூடு பட்டால் அதன் பலம் போய்விடும். அங்கேயெல்லாம் பாடி வேலை தெரிந்த ஒர்க்‌ஷாப்தான்.

இன்னொன்று, ஸ்டட்டைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திக் குத்திப் பாருங்கள். தகடு டொக் டொக் என்று கெட்டியாகச் சத்தம் கொடுத்தால் நல்லது. மொறுமொறுவென்று பெயர்ந்தாலோ முனை உள்ளே போனாலோ உங்கள் பிரச்சினை ஸ்டட் இல்லை, தகடு. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்க வேண்டும், அது டிங்கர் வேலை, அங்கே ரிவ்நட் (வழி 3-ல் வரும் மரைக் குழல்) போட்டு என்ன பிரயோஜனம்?

வேலைக்கு முன்

பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வையுங்கள். வண்டிக்கு அடியில் போவதாக இருந்தால் ஜாக்கியை நம்பிப் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வேண்டும், நம் வீட்டு வாசல்களில் பாதி மணல்தரை என்பதால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் அகலமான கனத்த பலகை கட்டாயம் வேண்டும். காலையில் கெட்டியாகத் தெரியும் மணல் எடை ஏறியதும் ஒரு பக்கமாக இறங்கும். சிமெண்ட் தரை இருக்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோவது இன்னும் நல்லது. கண்ணாடி போடுங்கள், மேலே பார்த்து ட்ரில் போடும்போது துருத்தூள் நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

அப்புறம் தகட்டின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ட்ரில்லைத் தொட வேண்டும். தரைத் தகடு என்றால் மேட்டைத் தூக்கிப் பாருங்கள், டிக்கி என்றால் பக்கவாட்டு அட்டையைக் கழற்றிப் பாருங்கள். மறுபக்கம் கை போகிறதா இல்லையா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

வழி 1: மேலே கொஞ்சம் மரை மிஞ்சியிருந்தால்

6 எம்எம் ஸ்டட்டில் ஆறு ஏழு எம்எம் உயரம் மிஞ்சியிருந்தால் அதுவே போதும், எதையும் அறுக்க வேண்டாம். துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு மரை வெட்டும் டை ஒன்றைப் போட்டு மரையைப் புதுப்பியுங்கள். 6 எம்எம்முக்கு மரை இடைவெளி பொதுவாக 1 எம்எம், 8 எம்எம்முக்கு 1.25, 5 எம்எம்முக்கு 0.8. டையையும் எண்ணெய் விட்டு அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்றுதான் இறக்க வேண்டும், ஒரே மூச்சில் இறக்கினால் மிஞ்சியதும் ஒடியும். பிளாஸ்டிக் நட்டு மாட்டும் சில ஸ்டட்களில் மரை வழக்கத்தை விட அகலமாக இருக்கும், அதில் சாதாரண டையை ஏற்றாதீர்கள், அதற்குரிய பிளாஸ்டிக் நட்டைப் புதிதாக வாங்கிப் போடுவதுதான் வழி.

நட்டு பிடிக்கும் அளவுக்கு உயரம் இல்லையே என்றால் கப்ளிங் நட்டு வாங்குங்கள். ஃபால்ஸ் சீலிங் தொங்கவிடுகிறவர்கள் கம்பியோடு கம்பியை இணைக்கப் போடும் நீளமான நட்டு அது. பாதியை மிஞ்சிய ஸ்டட்டில் ஏற்றிவிட்டு, மறுபாதியில் வெளியிலிருந்து ஒரு போல்ட்டைப் போட்டுக் கவரைப் பிடிக்கலாம். நட்டு நீளம் என்பதால் கவர் கொஞ்சம் தள்ளி உட்காரும், சக்கரம் திரும்பும்போது உரசாமல் இடம் இருக்கிறதா என்று ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

வழி 2: அடியோடு ஒடிந்திருக்கிறது, மறுபக்கம் கை போகிறது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் உருப்படியான வழி இதுதான், பலர் இதை விட்டுவிட்டு நேராக வெல்டிங்குக்குப் போகிறார்கள். மிஞ்சிய குட்டித் துண்டைக் கிரைண்டரில் தகட்டோடு தகடாகத் தேய்த்து எடுங்கள், தகட்டைத் தின்றுவிடாமல். நடுவில் சென்டர் பஞ்ச் வைத்து ஒரு குழி அடியுங்கள். ஒட்டிய இடம் பக்கத்துத் தகட்டை விடக் கடினமாக இருக்கும், குழி சரியாக நடுவில் இல்லையென்றால் ட்ரில் பிட் வழுக்கி மெல்லிய பக்கம் ஓடிவிடும். முதலில் 3 எம்எம் பிட், பிறகு 5, பிறகு வேண்டிய அளவு. வேகம் குறைவாக, ஒரு சொட்டு எண்ணெயோடு. பிட் கீச்சென்று கத்தினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

6 எம்எம் போல்ட்டுக்கு ஆறரை எம்எம் ஓட்டை போதும். மறுபக்கத்திலிருந்து அகலமான வாஷரோடு போல்ட்டை உள்ளே விட்டு, இந்தப் பக்கம் ஒரு வாஷர், நட்டு போட்டுத் தகட்டோடு இறுக்கிவிடுங்கள். இப்போது உங்களுக்குப் பழையபடி ஒரு ஸ்டட் கிடைத்துவிட்டது, அதன் மேல் கவரை மாட்டித் தனி நட்டுப் போட்டுக்கொள்ளலாம். சாதாரண வாஷர் போதாது, மெல்லிய தகட்டில் அது உள்ளே குழிந்து போகும். 25 எம்எம் அகலமாவது இருக்கட்டும். தரைத் தகடு என்றால் வாஷருக்கு அடியில் பாடி சீலன்ட் தடவாமல் இறுக்காதீர்கள், இல்லாவிட்டால் அந்த ஓட்டை வழியாகவே அடுத்த துரு ஆரம்பிக்கும்.

வழி 3: மறுபக்கம் மூடியிருக்கிறது

பெட்டி போல மூடிய சட்டங்களில் ஸ்டட் ஒடிந்தால் பின்னாலிருந்து போல்ட் விட முடியாது. அதற்குத்தான் ரிவ்நட். உள்ளே மரை இருக்கும் ஒரு சின்னக் குழல், ஓட்டையில் விட்டு இழுத்தால் தகட்டுக்குப் பின்னால் அது குமிழாக விரிந்து பிடித்துக்கொள்ளும்.

6 எம்எம் ரிவ்நட்டுக்குப் பொதுவாக 9 எம்எம் ஓட்டை, 5 எம்எம்முக்கு 7, 8 எம்எம்முக்கு 11. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், ஆகவே வாங்கிய ரிவ்நட்டின் உடம்பை அளந்துவிட்டு ஓட்டை போடுங்கள். ஓட்டை லூசாக இருந்தால் எவ்வளவு இழுத்தாலும் அது ஒருநாள் சுற்றத்தான் போகிறது. மெல்லிய தகட்டில் சாதாரண பிட் பெரிய அளவுக்கு வந்ததும் ஓட்டை முக்கோணமாகக் கோணிக்கொள்ளும், படிப்படியாக அகலமாகும் ஸ்டெப் ட்ரில் போட்டால் வட்டமாக வரும், அதற்கு ஆகும் செலவை யோசிக்க வேண்டாம். பழைய இடத்தில் வெல்டு கடினமாக இருந்து பிட் ஏறவில்லையென்றால் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி நல்ல தகட்டில் ஓட்டை போட்டு, பிளாஸ்டிக் கவரிலும் புது ஓட்டை போட்டுக்கொள்ளலாம். யாரும் வந்து பார்க்கப்போவதில்லை.

கடையில் கேட்கும்போது இரண்டு விஷயம் சொல்லிக் கேளுங்கள். ஒன்று, இரும்பு ரிவ்நட், அலுமினியம் வேண்டாம்; நம் உப்புக் காற்றில் இரும்புத் தகட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் அலுமினியம் அரித்துப் பொடியாகும். இரண்டு, உடம்பில் கோடு கோடாக வரி போட்டது அல்லது அறுகோணமானது. வழவழப்பானது மெல்லிய தகட்டில் சுற்றும்.

ஓட்டையின் விளிம்பில் பிரைமர் தடவிக் காயவிட்டு, ரிவ்நட்டின் தலைக்கு அடியில் சீலன்ட் வைத்து உள்ளே விடுங்கள். இழுக்கும் கன் இருந்தால் அழுத்தினால் போதும். இல்லையென்றால் ஒரு நீளமான நல்ல போல்ட், அதில் ஒரு நட்டு, இரண்டு வாஷர், வாஷர்களுக்கு நடுவில் கிரீஸ். போல்ட்டை ரிவ்நட்டுக்குள் முழுக்க இறக்கி, போல்ட்டின் தலையை ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். முதலில் லேசாகப் போகும், பின்னால் குமிழ் விரியும்போது ஒரே சீராகக் கனக்கும், அப்புறம் ஒரு இடத்தில் சுவரில் முட்டியதாகத் தெரியும். அங்கே நிறுத்த வேண்டும். இன்னும் கால் சுற்று என்று ஆசைப்பட்டால் உள்மரை வழித்துக்கொண்டு போகும், அப்புறம் தலையை ட்ரில்லால் வெட்டி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

இனிமேல் அங்கே ஸ்டட் இல்லை, மரை உள்ளே இருக்கிறது, ஆகவே கவரை வெளியிலிருந்து போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும். ஸ்டட்தான் வேண்டும், கவரைத் தொங்கவிட்டு மாட்ட வசதி என்றால் தலையில்லாத ஒரு மரைக்கம்பித் துண்டை லாக்டைட் (மரையைப் பூட்டும் பசை) தடவி உள்ளே இறக்கிவிடலாம்.

வெல்டிங் எப்போது

பேட்டரி தட்டு போல எடை தாங்கும் இடம், மறுபக்கமும் மூடியிருக்கிறது, தகடும் நன்றாக இருக்கிறது என்றால் வெல்டிங்தான் சரி. ஆனால் யாரிடம் என்பது முக்கியம். நம் ஊரில் வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை, பாம்பனிலும் மண்டபத்திலும் படகு வேலை செய்கிறவர்களின் கை சுத்தமான கை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் பழகியது கனத்த தகடு, ராடு வெல்டிங். அதே ராடைக் கார் தகட்டில் வைத்தால் ஸ்டட் ஒட்டுவதற்கு முன்னால் தகட்டில் ஓட்டை விழும். கேஸ் போட்டு மெல்லிய ஒயரில் வைக்கும் வெல்டிங், நாம் சிஓ2 வெல்டிங் என்று சொல்வது, அதை வைத்துக் கார் பாடி வேலை செய்கிற இடத்துக்குப் போங்கள். விட்டு விட்டுப் பொட்டுப் பொட்டாக வைத்து, நடுவில் ஆறவிட்டு முடிக்க வேண்டும்.

கொடுக்கும்போது நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. பேட்டரி கழன்றிருக்கிறதா? எர்த்து கிளாம்ப் வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறதா? எங்கோ பம்பரில் மாட்டிவிட்டு இங்கே வைத்தால் கரண்ட் நடுவில் இருக்கிற பேரிங், எலெக்ட்ரானிக்ஸ் வழியாக ஊரைச் சுற்றி வரும். உள்பக்கம் மேட், பஞ்சு எல்லாம் எடுத்தாயிற்றா? பெட்ரோல் டேங்க், பைப் பக்கத்தில் என்றால் வேண்டவே வேண்டாம், வழி 3-க்குத் திரும்புங்கள். துத்தநாகப் பூச்சு உள்ள தகடு என்றால் வைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும், அந்த வெள்ளைப் புகையை மூச்சில் வாங்கினால் ராத்திரி காய்ச்சலும் நடுக்கமும் வரும். வேலை முடிந்ததும் உடனே மேட்டைப் போட்டு மூடாமல் அரை மணி நேரமாவது அங்கே இருந்து புகை வருகிறதா என்று பாருங்கள்.

ஒட்டுப் பசை பற்றியும் கேட்பார்கள். எபாக்ஸி வைத்து ஸ்டட்டை ஒட்டலாம், அடியில் ஓட்டைகள் போட்ட அகலமான தட்டோடு வரும் ஸ்டட் அதற்கென்றே இருக்கிறது, பசை ஓட்டைகள் வழியே மேலே பிதுங்கிப் பிடிக்கும். ஒயர் கிளிப்புக்கும் லேசான கவருக்கும் சரி. சைலன்சர் பக்கம் வேண்டாம், சூட்டில் இளகும். பெயிண்ட்டின் மேல் ஒட்டினால் பெயிண்ட்தான் பெயர்ந்து வரும், ஆகவே உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகடு தெரியும் வரை தேய்த்துத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். எம்-சீலை உருட்டி வைத்து ஸ்டட்டை நட்டு வைக்கிறவர்களைப் பார்த்தால் நான் எதுவும் சொல்வதில்லை, முதல் வேகத்தடை சொல்லிவிடும்.

எர்த்து ஸ்டட் தனி விஷயம்

ஒடிந்த ஸ்டட்டில் வளையம் வைத்த ஒயர், பெரும்பாலும் கருப்போ பழுப்போ, மாட்டியிருந்தால் அது எர்த்து. பின் விளக்கு மங்குவது, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குவது, செல்ஃப் எடுக்கும்போது இழுப்பது, இதெல்லாம் அதன் வேலை. பலர் பல்பையும் பேட்டரியையும் மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் இங்கே வருகிறார்கள்.

இங்கே மேலே சொன்னதற்கு நேர்மாறு. ஒயர் வளையம் உட்காரும் இடத்தில் பிரைமர், பெயிண்ட், சீலன்ட் எதுவும் இருக்கக் கூடாது, பளபளவென்று தகடு தெரிய வேண்டும். வழி 2 போல போல்ட், பல் வைத்த வாஷர், வளையம், நட்டு என்று இறுக்குங்கள். இறுக்கி முடித்த பிறகு அதன் மேல் வாசலினோ கிரீஸோ தாராளமாக அப்பி மூடலாம், மறுபக்கத்துத் தலையில் சீலன்ட் வைக்கலாம். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, பேட்டரியை மாட்டி விளக்குகளைப் போட்டுவிட்டு மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை ஒயர் வளையத்திலும் மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் எங்கேயோ இன்னும் துருவோ பெயிண்ட்டோ இருக்கிறது.

மூடாமல் விட்டால் வேலையே இல்லை

ஓட்டை போட்ட, தேய்த்த, வெல்டு வைத்த ஒவ்வொரு இடமும் இப்போது வெறும் இரும்பு. மதுரையில் இருப்பவர் அடுத்த வாரம் பெயிண்ட் அடித்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம், இங்கே விடிவதற்குள் மஞ்சள் படிந்துவிடும். எல்லாத் துருவும் போய்த் தகடு வெள்ளையாக இருந்தால் துத்தநாகம் அதிகமுள்ள ஸ்ப்ரே அடிக்கலாம், அது இரும்பை நேரடியாகத் தொட்டால்தான் வேலை செய்யும், துருவின் மேலோ வேறு பூச்சின் மேலோ அடித்தால் வெறும் சாம்பல் நிறப் பெயிண்ட். குழி குழியாகத் துரு மிஞ்சியிருந்தால் ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவி, அது கருத்துக் காய்ந்த பிறகு எபாக்ஸி பிரைமர். அதன் மேல் பெயிண்ட் அல்லது அண்டர்கோட். மூடிய சட்டம் என்றால் உள்ளே கேவிட்டி வேக்ஸ் என்ற துருத் தடுப்பு மெழுகைக் குழல் விட்டு அடியுங்கள், வெளியே எவ்வளவு அழகாகப் பூசினாலும் ரிவ்நட்டின் பின்பக்கம் உள்ளேதான் இருக்கிறது. சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். கழிவு ஆயிலை அடியில் அடிக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது, ரப்பர் புஷ்ஷெல்லாம் உப்பிப்போகும், மணலும் அதில் ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

நட்டு போல்ட் வாங்கும்போது படகுச் சாமான் கடையில் ஸ்டெயின்லெஸ் கண்ணைப் பறிக்கும். பிளாஸ்டிக் கவருக்குப் போடலாம், ஆனால் அதைச் சுற்றித் தகட்டில் பெயிண்ட் கீறியிருந்தால் துருப்பிடிப்பது ஸ்டெயின்லெஸ் இல்லை, உங்கள் தகடு. ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் குணமும் உண்டு, கிரீஸ் இல்லாமல் இறுக்காதீர்கள். சைலன்சருக்கு மேலே வரும் தகடு பெரும்பாலும் அலுமினியம், அங்கே ஸ்டெயின்லெஸ் போட்டால் அலுமினியம்தான் அரிக்கும், துத்தநாகம் பூசிய போல்ட்டும் அகல வாஷரும் போதும். எர்த்து தவிர மற்ற எல்லா மரையிலும் காப்பர் கிரீஸ் தடவி மாட்டுங்கள், அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார், அது நீங்களாகவே இருக்கலாம்.

6 எம்எம் போல்ட்டை நல்ல கனத்த இரும்பில் சுமார் 10 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கலாம். மெல்லிய தகட்டிலும் ரிவ்நட்டிலும் அவ்வளவு வேண்டாம், சின்ன ராட்செட்டைத் தலைக்குப் பக்கத்தில் பிடித்து மணிக்கட்டு பலத்தில் இறுக்கினால் போதும். ஒரு வாரம் ஓட்டிவிட்டு ஒருமுறை கை வைத்துப் பாருங்கள், வாஷர் கொஞ்சம் அமர்ந்து லூசாகியிருக்கும்.

கழுவுவது பற்றி. கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு, அதை வைத்து வண்டியின் அடியைக் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசுகிற கதை. குடிக்க வரும் காவிரித் தண்ணீரை வண்டிக்கு ஊற்ற மனசு வராது, நியாயம்தான். செடிக்கு மருந்து அடிக்கும் கை ஸ்பிரேயரைப் புதிதாக ஒன்று வாங்கி இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கெட் நல்ல தண்ணீரில் நாலு சக்கரத்தின் உள்பக்கமும் அடித்தட்டும் முடிந்துவிடும். தனுஷ்கோடி போய் வந்த அன்றைக்கே செய்ய வேண்டும், அதுவும் அடியில் மாட்டியிருக்கும் கவரைத் தட்டி மணலைக் கொட்டிவிட்டு.